நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கு வாராந்திரக் கலை வகுப்பு: முதல் நாளிலிருந்து சுவர் ஓவியம் வரை முழுமையான வழிகாட்டி

குடியிருப்புப் பகுதியில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கலை சார்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் சுவரிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு பெரிய சுவர், நாலு பக்கெட் பெயின்ட், ஒரு சனி ஞாயிறு, திங்கட்கிழமை பேப்பரில் படம். நான் சொல்லப்போவது தலைகீழ் வரிசை. சுவர் கடைசியில்தான் வரும், வராமலே போனாலும் பரவாயில்லை. முதலில் வேண்டியது, வாரா வாரம் அதே நாளில் அதே நேரத்துக்கு வந்து அறையைத் திறக்கிற இரண்டு பெரியவர்கள். நாலு வாரம் தொடர்ந்து வந்த பிறகுதான் பிள்ளைகள் உங்களை நம்பத் தொடங்குவார்கள், அதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு நல்ல பெயின்ட் வாங்கி வந்தாலும் அது விருந்தாளி கொண்டுவந்த பலகாரம்தான்.

சென்னையை வைத்தே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த களம் அது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள் (நகரத்துக்குள்ளிருந்து குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய இடங்கள்), வடசென்னையின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள், கடலோரக் குப்பங்கள். கண்ணகி நகரில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பு பெரிய ஓவியர்களைக் கொண்டுவந்து மாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமாக வரைய வைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அது ஒரு வகை வேலை, கைதேர்ந்த கலைஞர்கள் வரைய ஊர் பார்க்கிறது. நாம் பேசுவது வேறு வகை, இதில் வரைவது அந்த ஏரியாப் பிள்ளைகள், என்ன வரைவது என்று முடிவு செய்வதும் அவர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் செலவும் தவறும், எதிர்பார்ப்பும் தவறும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1984-இல் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க மாநகராட்சி ஒரு திட்டம் தொடங்கியது. ஜேன் கோல்டன் என்கிற ஓவியர் கிறுக்கிய இளைஞர்களையே கூட்டிவைத்துச் சுவர் ஓவியத்துக்குத் திருப்பினார், அது வளர்ந்து அந்த நகரத்தின் நிரந்தரக் கலைத் திட்டமாகிவிட்டது. அங்கே நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே ஆள் பல ஆண்டுகள் அதே வேலையில் நின்றார் என்பதுதான்.

முதலில் ஏரியாவைச் சுற்றுங்கள், கையில் எதுவும் இல்லாமல்

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போய்வர ஆரம்பியுங்கள். நோட்டீஸ் வேண்டாம், டி-ஷர்ட் வேண்டாம். டீக்கடையில் உட்காருங்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஏரியாவிலும் ஏற்கெனவே கலைஞர்கள் இருக்கிறார்கள்: ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் தொழில் போன சுவர் விளம்பர ஓவியர், சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிற பறைக் குழு, கானா பாடுகிற பையன், மார்கழியில் தெருவையே அடைத்துக் கோலம் போடுகிற அக்கா, மெஹந்தி போட்டுச் சம்பாதிக்கிற பெண், பிறந்தநாள் பேனருக்குக் கைப்பேசியிலேயே டிசைன் செய்கிற ஒருவன். இவர்களைப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர்கள் இவர்கள்தான். வெளியிலிருந்து கலைக்கல்லூரி மாணவர்களைக் கூட்டி வரலாம், தப்பில்லை, ஆனால் அவர்கள் இரண்டாவது. பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவில் வாழ்கிற ஒரு மனிதர் ‘சார்’ ஆகி நிற்பதைப் பார்ப்பதில் கிடைக்கிற தைரியம் வேறு எதிலும் கிடைப்பதில்லை.

அந்தச் சுற்றலிலேயே மகளிர் சுயஉதவிக் குழுக்காரர்கள், குடியிருப்போர் சங்கம், இளைஞர் மன்றம், கோயில் அல்லது சர்ச் நிர்வாகம் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மன்றத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் இன்னொரு மன்றத்துப் பையன்கள் வரமாட்டார்கள். கட்சிக்காரர்களிடம் பணம் வாங்காமல், மரியாதையாகத் தகவல் மட்டும் சொல்லிவைப்பது நல்லது.

இடமும் நேரமும்

வகுப்பின் ஆயுள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

இடம் ஏரியாவுக்குள்ளேயே, எல்லாப் பிளாக்குகளுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். அங்கன்வாடிக் கட்டடம், சமுதாயக் கூடம், பள்ளி வகுப்பறை, நூலகத்தின் ஓர் ஓரம், எதுவானாலும் சரி. மூன்று விஷயம் பாருங்கள்: தண்ணீர், பெண் பிள்ளைகள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி ஜன்னலோ திறந்த கதவோ. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. அது பாதுகாப்புக்கும் உதவும், தயங்கி நிற்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்து உள்ளே வருவதற்கும் உதவும்.

நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று எல்லோரும் சட்டென்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் முகூர்த்த நாள் அடிக்கடி ஞாயிற்றுக்கிழமையில் வரும், 15 வயதுக்கு மேற்பட்ட பையன்களில் பல பேர் அன்று கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போய்விடுவார்கள். காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டு பிறகு நாள் வையுங்கள். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் வைத்தால் பெண் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், வகுப்பில் இருக்கமாட்டார்கள். இருட்டிய பிறகு முடிகிற வகுப்பு என்றால் 13 வயதுக்கு மேல் பெண்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள். மறுகுடியமர்வுப் பகுதிகளில் பழைய பள்ளிக்கே இன்னும் போய்வருகிற பிள்ளைகள் இருப்பார்கள், பஸ் ஏறி வீடு வந்து சேரவே நேரமாகிவிடும், அதனால் வார நாள் பெரும்பாலும் சரிவராது. என் அனுபவத்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 முதல் 5 வரை பல ஏரியாக்களில் ஒத்துவருகிறது. உங்கள் ஏரியாவில் எது ஒத்துவரும் என்பதைப் பிள்ளைகளிடமும் அம்மாக்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது.

தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிற பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு பாய், நாலு க்ரேயான், ஒரு பெரியவர், ஒரு மூலை ஒதுக்கிவிட்டால் போதும். அதைச் செய்யாத வகுப்பு சில மாதத்தில் பையன்கள் வகுப்பாகிவிடும்.

ஆண்டுக் கணக்கும் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அறைக்குள் செய்கிற வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வேலைக்கு ஜனவரி, பிப்ரவரிதான் தோதான மாதங்கள், ஆனால் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளை அப்போது இழுக்கக் கூடாது, அவர்களுடைய பங்கை டிசம்பருக்குள்ளேயே வடிவமைப்பில் வாங்கிவிடுங்கள்.

பாதுகாப்பு

இதில் நெளிவு சுளிவே வேண்டாம். வகுப்பில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் இரவில் மெசேஜ் அனுப்பக் கூடாது, தகவல் எல்லாம் பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும். தன்னார்வலர் யாராக இருந்தாலும் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் சேர்க்க வேண்டும், நண்பரின் நண்பர் என்றாலும்.

2012-இன் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. ‘வீட்டு விஷயம்’ என்று ஒதுங்க முடியாது. கலை வகுப்பில் இது வரும், பிள்ளைகள் வாயால் சொல்லாததைப் படத்தில் வரைவார்கள், நாடகத்தில் நடித்துக் காட்டுவார்கள். அப்போது துருவித் துருவிக் கேள்வி கேட்காமல், அமைதியாகக் கேட்டு, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்குறுதியை மட்டும் கொடுக்காமல், அடுத்த அடியை எடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒரு படத்தை வைத்து நீங்களாகவே முடிவுக்கு வருவதும் தவறு, கறுப்பு வண்ணம் பிடித்த பிள்ளை எல்லாம் சோகமான பிள்ளை இல்லை.

புகைப்படம்: பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல், பிள்ளையிடம் வாயால் ஒப்புதல், இரண்டும் வேண்டும். நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காக ‘ஏழைப் பிள்ளைகள்’ என்று தலைப்புப் போட்டு ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது. அந்தப் பிள்ளை பார்த்தால் கூனிக் குறுகுமா என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு கேள்வி போதும்.

பணம், பொருள்

பொருள் செலவு நினைப்பதைவிடக் குறைவு, மனிதர்களுக்கான செலவுதான் அதிகம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். அவர் அன்று பெயின்டிங் வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பாரோ அது. சேவை மனப்பான்மையைச் சம்பளம் வாங்கும் நமக்கு வைத்துக்கொள்ளலாம், அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பொருளில் சில சிக்கன வழிகள். அச்சகங்களில் மிஞ்சுகிற பேப்பர் ரோல் கேட்டு வாங்குங்கள், தரையில் விரித்தால் பத்துப் பேர் ஒரே தாளில் வரையலாம். பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கம் பெரிய பயிற்சிக்கு நல்லது, ஆனால் அதில் போஸ்டர் கலர் உதிர்ந்துவிடும், எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்) ஓரளவு நிற்கும். வண்ணங்களை டஜன் கணக்கில் வாங்காமல் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு இந்த ஐந்தைப் பெரிய பாட்டிலாக வாங்குங்கள். மீதியைப் பிள்ளைகள் கலக்கக் கற்றுக்கொள்வார்கள், மூன்று மாதத்தில் தங்கள் தோலின் நிறத்தைத் தாங்களே கலந்து எடுப்பார்கள், ‘ஸ்கின் கலர்’ என்று டப்பாவில் இருக்கும் அந்த வெளிர் ரோஸ் நிறத்தை அதன் பிறகு தேடமாட்டார்கள். பிரஷ்ஷில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள், முடி கொட்டுகிற பிரஷ் பிள்ளைக்கு ‘எனக்கு வரையவே வரவில்லை’ என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

அப்புறம் தின்பதற்கு ஏதாவது. சுண்டல், வாழைப்பழம், பன். பசியோடு வருகிற பிள்ளை இருக்கும், யார் என்று நாம் தேட வேண்டாம், எல்லோருக்கும் கொடுத்தால் போதும்.

முதல் மூன்று மாதம் என்ன செய்வது

பெரியவர் இருவருக்கு 20 பிள்ளைகள் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். 11 வயதையும் 17 வயதையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பெரியவர்கள் நழுவிவிடுவார்கள், அவர்களுக்குத் தனி நேரம் இல்லையென்றால் தனிப் பொறுப்பாவது வேண்டும்.

முதல் வாரமே ‘இயற்கைக் காட்சி வரை’ என்று சொன்னால் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வரைந்து தருவார்கள். மாடிக் குடியிருப்பில் வாழ்கிற பிள்ளையும் அதையே வரையும். அது பிள்ளையின் தவறு இல்லை, பள்ளியில் படம் என்றால் அதுதான் என்று பழக்கிவிட்டோம். அதிலிருந்து வெளியே கொண்டுவர, கண்ணால் பார்த்து வரைகிற பழக்கம் வேண்டும். தாளைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்த்து ஒரே கோட்டில் வரைவது, செருப்பை வரைவது, வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரை வந்த வழியை வரைபடமாகப் போடுவது. இந்த வழி வரைபடம் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. எந்த முக்கில் நாய் இருக்கிறது, எங்கே குடிகாரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் படிக்கட்டில் விளக்கு எரிவதில்லை, எந்த மரத்தடியில் கூட்டாளிகள் கூடுவார்கள் என்று எல்லாம் வந்துவிடும். அதே வரைபடங்களை ஒன்றாக ஒட்டிவைத்தால் பிற்பாடு சுவருக்கு என்ன வரைவது என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

இரண்டாவது மாதம் கோலம். ஏரியா அம்மாக்களை ஆசிரியர்களாகக் கூப்பிடுங்கள். 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்று தரையில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவது பிறகு தண்ணீர் பட்ட பாடு. பையன்களும் புள்ளி வைக்கட்டும், கொஞ்ச நேரம் சிரிப்பார்கள், அப்புறம் கணக்கில் இறங்கிவிடுவார்கள்.

எல்லோருக்கும் படம் பிடிக்காது. அதனால் மூன்றாவது மாதம் பாதையைப் பிரித்துவிடுங்கள். பறை கற்பிக்க நினைத்தால் அடிக் குச்சி, சிண்டுக் குச்சி பிடிப்பதிலிருந்து சொல்லித் தரக்கூடிய, அதையே வாழ்வாகக் கொண்ட கலைஞரை வைத்துக் கற்பியுங்கள். தோல் பறையை மழைக் காலத்தில் தீயில் காய்ச்சாமல் அடித்தால் சத்தம் அமுங்கிவிடும், தீ மூட்ட இடம் இல்லையென்றால் ஃபைபர் பறை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கருவியோடு ஒட்டியிருக்கிற சாதி இழிவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், சில வீட்டில் ‘அதைத் தொடாதே’ என்றும் சொல்லி அனுப்புவார்கள். மழுப்பாமல் பேசுங்கள், கற்றுத் தரும் கலைஞரையே பேசச் சொல்லுங்கள். புகைப்படம் இன்னொரு பாதை. புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத் தந்து வருகிறார், அந்தப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் உழைப்பைத் தாங்களே படமெடுத்தார்கள். இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை, இரண்டு மூன்று பழைய கைப்பேசிகளை முறைவைத்துக் கொடுத்தால் தொடங்கிவிடலாம்.

சுவர்

ஆறு மாதம் கழித்தும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தால், அவர்களே சுவர் கேட்டால், இறங்குங்கள்.

அனுமதி முதலில். சுவர் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்: வாரியக் குடியிருப்பு என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்), பொதுச் சுவர் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம், பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, வாய்மொழி அனுமதியை நம்பிப் பிள்ளைகளைச் சுவரருகே நிறுத்தாதீர்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் வேலை நடக்கும் நாட்களில் கையில் இருக்கட்டும். எதிர்வீட்டுக்காரர்களிடமும் கேளுங்கள், தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப்போவது அவர்கள்.

சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஈரம் பாருங்கள். ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள், உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். உப்புப் பூத்த சுவரும் வேண்டாம், எந்தப் பெயின்ட்டும் அதில் நிற்காது. புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். மேற்கு பார்த்த சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழும், பிள்ளைகளை அங்கே காலையில் மட்டும் நிறுத்துங்கள். தரையில் நின்று எட்டுகிற உயரம் பிள்ளைகளுக்கு, சாரம் ஏறுகிற வேலை பெரியவர்களுக்கு. இதில் விதிவிலக்கு கிடையாது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டி வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது தூசியில் ஈயம் இருக்கலாம், பழைய பெயின்ட்டுகளில் அது தாராளமாகச் சேர்க்கப்பட்டது. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சுரண்டுவது பெரியவர்கள் வேலை, முகக்கவசம் போட்டு, பிள்ளைகள் இல்லாத நாளில். பிறகு கழுவி, காயவிட்டு, விரிசலை அடைத்து, எக்ஸ்டீரியர் ப்ரைமர் (வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு) ஒரு கோட்.

அளவுக் கணக்கு இப்படி. 20 அடிக்கு 10 அடிச் சுவர் 200 சதுர அடி. ப்ரைமர் 2 முதல் 3 லிட்டர். எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும், ஆக அடிவண்ணத்துக்கு 4 லிட்டர், சொரசொரப்பான சுவர் என்றால் இன்னும் பிடிக்கும். டிஸ்டெம்பர் வாங்காதீர்கள், ஒரு மழை தாங்காது. மீதி வண்ணங்களுக்கு வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் திரவம்) கலக்கலாம், ஆனால் அளவுக்கு மீறி ஊற்றினால் காயாமல் பிசுபிசுக்கும், அடர்த்தியான நிறம் வேண்டுமென்றால் கடையில் கலந்த எமல்ஷனாகவே வாங்கிவிடுங்கள். பளீர் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், காவி, செங்கல் சிவப்பு போன்ற ஆக்சைடு நிறங்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வடிவமைப்பைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும், ஆனால் கைதூக்கி ஓட்டுப் போட வைக்காதீர்கள், சத்தமாகப் பேசுகிற நாலு பேரின் படமே ஜெயிக்கும். எல்லாப் படங்களையும் பெயரில்லாமல் சுவரில் மாட்டி, ஒவ்வொருவருக்கும் மூன்று பொட்டு ஸ்டிக்கர் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். அதிகம் பொட்டு வாங்கிய நாலைந்து படங்களிலிருந்து துண்டுகளை எடுத்து உள்ளூர் ஓவியர் ஒன்றாகக் கோத்துத் தரட்டும். கட்சி நிறக் கலவை, நடிகர் முகம், சாதிச் சின்னம் இந்த மூன்றும் வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், காரணத்தோடு.

இறுதிப் படத்தை ஏ3 தாளில் 40 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் வரைந்து 2 செ.மீ. கட்டம் போடுங்கள். சுவரில் சுண்ணப்பொடி தடவிய நூலை அடித்து ஓரடிக் கட்டம். 200 கட்டம் வரும், ஆளுக்குப் பத்துக் கட்டம் பிரித்துக் கொடுத்தால் 20 பேருக்கும் வேலை இருக்கிறது, வரையத் தெரியாது என்று சொன்ன பிள்ளைகூட தன் பத்துக் கட்டத்தைச் சரியாக நிரப்பிவிடும். பெரிய பரப்புகளைச் சின்னப் பிள்ளைகள் நிரப்பட்டும், ஓரக் கோடுகளைக் கடைசி நாளில் பெரிய பிள்ளைகளும் ஓவியரும் சேர்ந்து இழுக்கட்டும். மின்வாரியப் பெட்டியிலும் பைப்பிலும் கை வைக்காதீர்கள். மூலையில் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள், முதல் பெயர் மட்டும். நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் லோகோ பிள்ளைகளின் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் காட்டும் நாள்

மேடை, ரிப்பன், சிறப்பு விருந்தினர் இதெல்லாம் நேரத்தைத் தின்னும். பிள்ளைகளே தங்கள் சுவரை வந்தவர்களுக்கு விளக்கட்டும், பறைக் குழு அடிக்கட்டும், புகைப்படங்களைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே கடற்கரை மணலில் கேட்டன, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அந்தக் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தியது. வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஏரியாவின் விருந்தினர்களாக வர வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

அதற்கு அடுத்த சனிக்கிழமை

விழா முடிந்த அடுத்த வாரம் வகுப்பு கட்டாயம் நடக்க வேண்டும். பலர் அன்றுதான் ஓய்வெடுக்கிறார்கள், பிள்ளைகள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். உங்களால் ஆண்டு முழுவதும் முடியாது என்றால் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், அது நேர்மை.

ஆர்வம் தீவிரமாக உள்ள பிள்ளைகளுக்கு அடுத்த கதவைக் காட்டுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஓவியம், இசை, நடனம் கற்கலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, அதில் பெயர் கொடுக்க ஆசிரியரிடம் பேசுங்கள். ப்ளஸ் டூ முடிப்பவர்களைச் சென்னை எழும்பூர் அருகே உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் கூட்டிப் போங்கள், 1850-இல் தொடங்கிய கல்லூரி, பலருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு, வரைந்த படங்களின் தொகுப்பு என்று என்ன கேட்கிறார்கள் என்பதை அந்த ஆண்டின் விளம்பரத்தைப் பார்த்து டிசம்பரிலிருந்தே தயார் செய்யத் தொடங்குங்கள்.

இரண்டாம் ஆண்டில் 16, 17 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பைக் கொடுங்கள், பெரியவர் உடனிருக்க. பொருள் பதிவேடு, வருகைப் பதிவேடு, செலவு நோட்டு மூன்றையும் அவர்களே எழுதட்டும். மழை முடிந்து சுவரில் எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்து, மிச்சம் வைத்த பெயின்ட்டில் ஒட்டுப் போடுவதும் அவர்கள் வேலை, அதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரை மூடி இறுக்கி, நிறக் கலவை அளவை டப்பாவின் மேல் எழுதி, வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.